செல்ஃப் எடுக்கவில்லையா? பழைய பொலிரோ, சுமோ, ஸ்கார்பியோ, குவாலிஸ் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2006 மாடல் பொலிரோ. அதன் செல்ஃப் மோட்டாரை, அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை, இதுவரை மூன்று முறை கழற்றியிருக்கிறேன். இரண்டு முறை உண்மையிலேயே கோளாறு இருந்தது. ஒரு முறை மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை, காசுதான் போனது. அந்தச் செலவு இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதால், நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை டீசல் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியவை.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவே இல்லை. செல்ஃப் போய்விட்டது என்று அர்த்தமா?

அப்படி உடனே முடிவு கட்டாதீர்கள். சாவிக்கும் எஞ்சினுக்கும் நடுவே பேட்டரி, அதன் இரண்டு டெர்மினல்கள், தடித்த கேபிள், எர்த் பட்டை, இக்னிஷன் சுவிட்ச், சில வண்டிகளில் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), பிறகு சோலனாய்டு (மோட்டாரின் பல்சக்கரத்தை முன்னே தள்ளி, மோட்டாருக்கு கரண்ட் கொடுக்கும் காந்தச் சுவிட்ச்), கடைசியில்தான் மோட்டார். இதில் எது சுணங்கினாலும் ஓட்டுநருக்குத் தெரிவது ஒன்றுதான்: வண்டி எடுக்கவில்லை. மோட்டாரைக் கழற்றுவது வரிசையில் கடைசி வேலை. அதற்கு முன்னால் உள்ளவற்றைப் பார்க்க ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும்.

மீட்டரை எடுப்பதற்கு முன் காதை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?

நிறைய. இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து பக்கத்தில் நின்று கேளுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும், உங்கள் கையும் துண்டும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

"டக டக டக" என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் அநேகமாக பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. சோலனாய்டு உள்ளே இழுத்து, மோட்டாருக்கு இணைப்பு கொடுத்ததும் வோல்டேஜ் சரிகிறது. பிடித்து வைக்க வலு இல்லாமல் சோலனாய்டு விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்த ஊசலாட்டம்தான் நமக்குக் கேட்கும் சத்தம்.

ஒரே ஒரு "டொக்", அதன் பிறகு மௌனம் என்றால், சோலனாய்டு வேலை செய்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. சோலனாய்டுக்குள் இருக்கும் செம்பு கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்து முடிந்திருக்கலாம், எர்த் கெட்டிருக்கலாம்.

சத்தமே இல்லை என்றால் அநேகமாக சோலனாய்டுக்கு கரண்ட் போகவில்லை. இக்னிஷன் சுவிட்ச், ரிலே, மெல்லிய ஒயர் ஆகியவற்றில் தேடுங்கள்.

"விர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பினியனோடு (மோட்டார் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) சேர்ந்த ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது. பட்டறையில் இதை "பெண்டிக்ஸ் போயிடுச்சு" என்பார்கள். "கறகற" என்று பல் அரைபடும் சத்தம் வந்தால் ஃப்ளைவீல் ரிங்கோ (பினியன் கவ்விச் சுற்றும் எஞ்சின் பக்கத்துப் பெரிய பல்வளையம்) பினியனோ தேய்ந்திருக்கிறது, அல்லது மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது.

இரவில் என்றால் ஹெட்லைட்டைச் சுவர்மேல் அடித்துவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் குறையாமல் "டொக்" மட்டும் கேட்டால், மோட்டார் கரண்டை இழுக்கவே இல்லை. வெளிச்சம் மங்கி அணையப் போனால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பேட்டரி புதுசு. அதையும் பார்க்க வேண்டுமா?

பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே அளந்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனைகள் பிறகு. அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது அதே இடத்தில் அளவெடுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியை நம்பாதீர்கள். பேட்டரி கடையில் லோடு டெஸ்டரை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ உப்புப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உட்பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து மாட்டுங்கள். மேலே கிரீஸ் பூசுவது நல்லதுதான், ஆனால் இறுக்கிய பிறகு பூச வேண்டும்.

எர்த், எர்த் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

என் பணம் போனது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சினைச் சுற்ற மோட்டார் 200, 300 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து போன அத்தனை கரண்டும் எஞ்சின் பாடி வழியாக நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 300 ஆம்பியருக்கு அது 3 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட் வழியிலேயே போய்விட்டால் மோட்டாருக்கு மிச்சம் என்ன? ஹெட்லைட்டும் ஹாரனும் சில ஆம்பியரில் ஓடுபவை, அவை நன்றாகவே வேலை செய்யும். அதனால் எர்த்மேல் சந்தேகமே வராது.

என் வண்டி காலையில் "டொக்" என்று மட்டும் சொல்லும், நாலைந்து முறை திருப்பினால் எடுக்கும். பட்டறையில் செல்ஃப் போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். பத்து நாளில் அதே "டொக்". பிறகு எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். மோட்டாரைத் தொடவே இல்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் கவ்வ வைத்து, "இப்ப அடிங்க தம்பி" என்றார். சட்டென்று எடுத்துக்கொண்டது. கேபிளை எடுத்ததும் மறுபடி "டொக்".

எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். செம்பு இழைகளால் பின்னிய பட்டை அது. பார்வைக்கு முழுசாக இருந்தது. லக் (போல்ட் மாட்டும் முனை) பக்கத்தில் பிடித்து வளைத்ததும் பச்சைப் பொடி உள்ளங்கையில் கொட்டியது. உள்ளே இழைகள் எல்லாம் அரித்துப்போய், நாலைந்து மட்டும் தொடுத்துக்கொண்டிருந்தன. புதுப் பட்டையின் விலை, நான் மாற்றிய மோட்டாரின் விலையில் ஒரு சிறு துண்டுகூட இல்லை.

மீட்டரை வைத்துப் பார்க்க: மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டில் வையுங்கள், கிளாம்ப்மேல் அல்ல, ஈயக் குமிழின் மேல். மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் பாடியில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதே மாதிரி பாசிட்டிவ் போஸ்டுக்கும் மோட்டாரின் பெரிய ஸ்டட்டுக்கும் (தடித்த கேபிள் மாட்டும் திருகுக் கம்பி) நடுவே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கோளாறு வழியில்தான் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் வாங்கப் போவதற்கு முன் இந்த இரண்டு அளவையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சத்தமே வரவில்லை. இக்னிஷன் சுவிட்ச்தானா என்று எப்படி உறுதி செய்வது?

சோலனாய்டில் பெரிய நட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய ஒயர் செருகியிருக்கும். சாவியை ஸ்டார்ட்டில் வைக்கும்போது அங்கே பேட்டரிக்கு நெருக்கமான வோல்டேஜ் வர வேண்டும். வந்தும் சோலனாய்டு அசையாவிட்டால் சோலனாய்டு மாற்ற வேண்டியதுதான். வராவிட்டாலோ, 7, 8 வோல்ட் என்று மெலிந்து வந்தாலோ சுவிட்ச், கப்ளர், ஃபியூஸ் என்று பின்னோக்கிப் போங்கள்.

சோலனாய்டு முதல் இழுப்புக்கு இருபது முப்பது ஆம்பியர் கேட்கும். பல வருடம் அத்தனையும் சாவி சுவிட்ச் வழியாகவே போயிருந்தால் அதன் உள்முனைகள் கருகிவிடும். புது சுவிட்ச் போடும்போது ஒரு நல்ல ரிலேயையும் சேர்த்து வைத்துவிடுங்கள். கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக சோலனாய்டுக்குப் போகும், சாவி ரிலேயை மட்டும் தூண்டினால் போதும்.

மோட்டாரைத் தட்டினால் எடுக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

வீடு சேர ஓட்டலாம். தட்டினால் எடுக்கிறது என்பதே ஒரு தகவல்: கார்பன் தேய்ந்து ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) தொடாமல் நிற்கிறது, அல்லது கான்டாக்ட் ஒரு பக்கம் குழிந்துவிட்டது. தட்டும் அதிர்ச்சியில் அது மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஆனால் காந்தம் வைத்த மோட்டார்களில் ஓங்கி அடித்தால் உள்ளே காந்தம் விரிசல் விட்டு, சரியாகக்கூடிய மோட்டாரும் குப்பைக்குப் போகும். மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுங்கள்.

காலையில் நன்றாக எடுக்கிறது. நெடுஞ்சாலையில் டீ குடித்துவிட்டு வந்தால் மட்டும் எடுப்பதில்லை.

சூடுதான் காரணம். செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுதலாகத் தடுக்கும். எஞ்சின் பக்கத்தில் 60 டிகிரி ஏறினால் சோலனாய்டு சுருளின் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். ஏற்கெனவே மெலிந்த வோல்டேஜில் இழுத்துக்கொண்டிருந்த சோலனாய்டு அப்போது தோற்றுப்போகும். அதோடு புஷ் (ஆர்மேச்சரின் முனையைத் தாங்கும் வளையம்) தேய்ந்த மோட்டாரில் ஆர்மேச்சர் நடுவிலிருந்து விலகி, சூடானதும் உள்சுவரில் உரச ஆரம்பிக்கும். முதலில் மேலே சொன்ன வோல்டேஜ் சோதனைகளைச் சூட்டிலேயே செய்யுங்கள். ஆறிய பிறகு செய்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் காட்டும்.

சில நேரம் மட்டும் "கறகற" என்கிறது. வண்டியைக் கியரில் போட்டு லேசாக நகர்த்தினால் எடுக்கிறது.

அது ஃப்ளைவீல் ரிங். நாலு சிலிண்டர் எஞ்சின் நிறுத்தும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் தேயும். ரிங் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், சிறிய வேலை இல்லை. அதனால் கிளட்ச் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவது நல்லது. தேய்ந்த ரிங்கோடு புது மோட்டாரைப் போட்டால் புது பினியனையும் அது தின்றுவிடும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து எடுக்கலாமா? மெக்கானிக் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வண்டி கியரில் இருந்தால், ஷார்ட் செய்த மறுகணம் அது முன்னால் பாயும். டீசல் எஞ்சின் பிடித்தும்விடும். அப்போது நீங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருப்பீர்கள். சோதனைக்குத் தேவை என்றால் புஷ் பட்டன் வைத்த இரண்டு நீள ஒயரில் ஒன்றை பேட்டரி பாசிட்டிவுக்கும் மற்றதை சோலனாய்டின் மெல்லிய முனைக்கும் எடுத்து, தள்ளி நின்று அழுத்துங்கள். மோதிரம், உலோக வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

மோட்டார்தான் கோளாறு என்று உறுதியாகிவிட்டது. ரிப்பேரா, புதுசா?

என் கருத்து: கம்பெனியோடு வந்த மோட்டார் என்றால் முதலில் ரிப்பேர். நம் வண்டிகள் பலவற்றில் இருப்பது 1961இல் தொடங்கிய, சென்னை பாடி பகுதியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் தயாரிப்பு போன்றவை. உதிரிபாகம் கிடைக்கும், ஊருக்கு ஒருவராவது வேலை தெரிந்தவர் இருப்பார். கார்பன் செட், புஷ், கான்டாக்ட் இவையெல்லாம் சில நூறு ரூபாயில் முடியும், புது மோட்டார் ஆயிரக்கணக்கில் ஆகும். ஆர்மேச்சர் கருகி வார்னிஷ் வாடை வந்தாலோ, பாடி விரிசல் விட்டிருந்தாலோ புதுசு வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவு மோட்டாரை மட்டும் வாங்காதீர்கள். பழையதை ரிப்பேர் செய்து போடுவது அதைவிட நீண்ட நாள் உழைக்கும்.

உள்ளே எது தேய்ந்தது என்று பார்த்தால் தெரியுமா?

தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். டென்சோ வகை மோட்டார்கள் உள்ள டொயோட்டா வண்டிகளில் சோலனாய்டு மூடியை மூன்று போல்ட்டில் கழற்றலாம். என் மாமாவின் குவாலிஸில் அப்படித் திறந்தபோது உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள் இருந்தன. ஒன்று ஓரளவு முழுசாக, கருஞ்சிவப்பாக இருந்தது. பேட்டரி பக்கத்தது பாதி கரைந்து, ஓரம் கத்தி மாதிரி மெலிந்திருந்தது. பிளஞ்சர் (சோலனாய்டுக்குள் நகரும் இரும்புத் தண்டு) முழுதாக உள்ளே போனாலும் அதன் செம்புத் தட்டு ஒரு பக்கம் மட்டும் தொட்டு, மறுபக்கம் காற்றில் நின்றது. அந்த ஒற்றை "டொக்" எங்கிருந்து வந்தது என்பது அப்போது கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு கான்டாக்டையும் பிளஞ்சரையும் மாற்றினார்கள், மோட்டாரில் வேறு எதையும் தொடவில்லை. சில லூகாஸ் சோலனாய்டுகளின் மூடி ஈயம் பற்றவைத்திருக்கும். அவற்றில் சோலனாய்டை முழுதாக மாற்றுவதே நல்லது.

கார்பன் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அது தொடும் செம்புக் கட்டைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். கறுப்பு எமரித் துணி வேண்டாம், அதன் பொடி கட்டைகளுக்கு நடுவே தங்கி ஷார்ட் ஆக்கிவிடும். உள்ளே எஞ்சின் ஆயில் கசிந்து கார்பன் தூளோடு சேறாகியிருந்தால், முதலில் அந்த ஆயில் லீக்கை நிறுத்துங்கள்.

நானே கழற்றி மாட்டலாமா?

ஸ்பேனர் பிடித்துப் பழக்கமிருந்தால் தாராளமாக. முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. இதைத் தவிர்த்தால் மோட்டாரின் பெரிய நட்டில் வைக்கும் ஸ்பேனர் எஞ்சினைத் தொட்டதும் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், பின்சக்கரத்துக்குக் கல்லும் போடுங்கள்.

ஒயர்களைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நட்டைத் திருப்பும்போது அடியில் உள்ள நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டட்டே சேர்ந்து சுற்றினால் உள்ளே கான்டாக்ட் கோணிக்கொள்ளும். மோட்டாரை இரண்டு அல்லது மூன்று போல்ட் பிடித்திருக்கும். மேல் போல்ட் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும், நீள எக்ஸ்டென்ஷன் வேண்டும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை அடியில் தாங்கட்டும், பல கிலோ கனம் அது.

புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து பினியன் பற்களை எண்ணுங்கள், போல்ட் துளைகளையும் மூக்கின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். மோட்டார் உட்காரும் முகப்பைத் துருவும் பெயின்டும் இல்லாமல் சுரண்டுங்கள். எர்த் கிடைப்பது அந்த முகப்பு வழியாகத்தான். போல்ட்டுகளை முதலில் கையால் முழுதும் திருகி, பிறகு இறுக்குங்கள். கேபிளின் லக் பாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள்.

மாட்டிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சின் பிடித்ததும் மோட்டார் விட்டுவிடுகிறதா என்று கேளுங்கள். சாவியை விட்ட பிறகும் "வ்வீ" என்று சத்தம் தொடர்ந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

ஒரு முறை செல்ஃப் அடித்தால் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். ஹீட்டர் பிளக் (சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்குவது) விளக்கு உள்ள வண்டி என்றால் அது அணையும் வரை பொறுங்கள். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் தன் வேலையைச் செய்துவிட்டது. டீசல் வருகிறதா என்று அங்கே தேடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வண்டிகளை இரண்டாவது கியரில் தள்ளி எடுக்கலாம். ஆனால் பம்பில் இருக்கும் டீசல் கட் சோலனாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு, செல்ஃபில் உள்ளது அல்ல) கொஞ்சமாவது கரண்ட் வேண்டும், பேட்டரி அடியோடு செத்திருந்தால் பிடிக்காது. 2005க்குப் பிறகு வந்த ஸ்கார்பியோ சிஆர்டிஇ போன்ற காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும்) வண்டிகளுக்கு அந்தக் கம்ப்யூட்டர் விழித்திருக்கும் அளவு வோல்டேஜும் தேவை. சாவியை ஆன் செய்யாமல் யாரும் தள்ள வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டி. செல்ஃப் "டொக்" என்று நின்றுவிடுகிறது. மோட்டாரில் தண்ணீர் போயிருக்குமா?

மோட்டாரைப் பற்றிப் பிறகு யோசிப்போம், முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வண்டிகள் முழங்கால் தாண்டிய தண்ணீரில் நின்றன. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து அதில் முட்டி நின்றுவிடும். நமக்குக் கேட்பது அதே "டொக்". திரும்பத் திரும்ப அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும்.

பேட்டரியைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஈரம் தெரிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். அதன் பிறகு ஆயிலைப் பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் மாற்றுங்கள். இத்தனையும் முடிந்த பின் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரித்து, சேற்றைத் துடைத்து, காயவைத்து, புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டு மாட்டுங்கள். இப்போது ஓடுகிறது என்று அப்படியே விட்டால் சில வாரங்களில் பிளஞ்சர் துருப்பிடித்து இறுகிவிடும்.